கோகலேயும் மூன்று பவுன் வரியும்

தமிழ்நாட்டிலிருந்து புனேக்குப் படிக்க வரும் எவருக்கும் கோகலே என்னும் பெயர் வந்த சில நாட்களிலேயே பழகிவிடுகிறது. அவர் பெயரால் ஓர் அரசியல் பொருளாதார ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. அவர் ஆசிரியராக விளங்கிய பெர்கூசன் கல்லூரி இருக்கிறது. ஆயினும் அவர் யார் என்று நம் மாணவ நண்பர்களைக் கேட்டால், மிதவாதத் தலைவர், காந்தியடிகளின் அரசியல் குரு என்று இரண்டே சொற்றொடரில் முடித்துவிடுகிறார்கள். மிதவாதி என்று சொல்லும்போது குரலில் சிறிது ஏளனமும் கலந்துவிடுகிறது. மனு எழுதியே உரிமை பெற்றுவிடலாம் என்று எண்ணியவர் என்பது அதன் உட்பொருள். இந்தத் தீர்ப்பைச் சற்றே ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன். ஏனெனில் அவர் கொள்கைக்குப் பெருஞ் சோதனை வந்தது பூனாவிலும் அன்று, கல்கத்தாவிலும் அன்று. தென்னாப்பிரிக்காவில், பெரும்பாலும் நம் தமிழ்க் கூலிமக்களின் பொருட்டே வந்தது.

கோபால கிருஷ்ண கோகலே 1866-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் இரத்தினகிரி மாவட்டத்தில் கோட்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். அண்ணன் படிப்பை நிறுத்தி வேலைக்குச் சென்று, பதினைந்து ரூபாய்ச் சம்பளத்தில் எட்டு ரூபாயைத் தம்பிக்கு அனுப்பினார். 1884-இல் பட்டம் பெற்ற தம்பி, பொருள் ஈட்டும் வழிகளை விட்டுப் பூனாவில் ஆசிரியத் தொழிலை மேற்கொண்டார். கணக்கு, ஆங்கிலம், வரலாறு எல்லாம் கற்பித்தார். அவர் எழுதிய கணக்குப் புத்தகம் பள்ளிகளில் பாடமாக இருந்தது. புள்ளி விவரங்களைக் கொண்டு அரசாங்கத்தை மடக்கும் பழக்கம் இங்கிருந்து வந்திருக்கலாம்.

1897-இல் பூனாவில் பிளேக் நோய் பரவியது. வீடுவீடாகச் சோதனை நடத்திய வெள்ளைச் சிப்பாய்களின் கொடுமையைப் பற்றி லண்டனில் இருந்த கோகலேக்குக் கடிதங்கள் வந்தன. அவற்றை அவர் அங்கே வெளிப்படுத்தினார். தாய்நாடு திரும்பியபோது, எழுதியவர்கள் சாட்சி சொல்ல முன்வரவில்லை. மெய்ப்பிக்க இயலாததைச் சொல்லிவிட்டேன் என்று அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஊரார் பலர் அவரைக் கோழை என்றனர். அதே ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் இரவு, கணேஷ்கிண்டு சாலையில், பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். கவர்னர் மாளிகை விருந்திலிருந்து அவர் திரும்பிக்கொண்டிருந்தார். அந்த மாளிகைதான் இன்று நம் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம்! சுட்ட சாபேகர் சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். மனுவும் துப்பாக்கியும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் முயன்று பார்க்கப்பட்டன. இரண்டினாலும் ஆட்சி அசையவில்லை.

பின்னர்க் கோகலே வைசிராயின் சட்டசபை உறுப்பினர் ஆனார். 1905-இல் காங்கிரசுத் தலைவர் ஆனார். அதே ஆண்டில் இந்திய ஊழியர் சங்கத்தைப் பூனாவில் நிறுவினார். இவை பாடநூல்களில் உள்ளவையே. நாம் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்வோம்.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல் நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டனர். அவர்களுள் மிகுதியானோர் சென்னை மாகாணத்தவர். ஒப்பந்தம் முடிந்தபின் அவர்கள் சுதந்திர மனிதராய் அங்கே வாழ்வதை வெள்ளையர் விரும்பவில்லை. ஆகவே 1895-இல் ஆளுக்கு ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதித்தனர். பதினாறு வயது ஆண்மகனும் கட்ட வேண்டும், பதின்மூன்று வயதுச் சிறுமியும் கட்ட வேண்டும். மாதம் பதினான்கு ஷில்லிங்கு ஈட்டுவதே அரிதாயிருந்த கூலி என்ன செய்வான்? மீண்டும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைப்பான்; அல்லது ஊர் திரும்புவான். வரியின் நோக்கமே அதுதான்.

கோகலே 1910-இல் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, நேட்டாலுக்குக் கூலிகள் அனுப்புவதை நிறுத்த வழிசெய்தார். 1912 அக்டோபர் 22-ஆம் நாள் கேப் டவுனில் தாமே சென்று இறங்கினார். காந்தியடிகளைப் புகைவண்டியிலிருந்து இறக்கித் தள்ளிய நாட்டில், கோகலேக்கு அரசாங்கமே தனி ரயில் பெட்டி அளித்தது. தனி ஒருவருக்குக் காட்டிய மரியாதை, அவர் இனத்தார்க்குக் காட்டும் மரியாதை ஆகிவிடாது என்பதை அவர் அறிந்தே இருந்திருப்பார். டால்ஸ்டாய் பண்ணைக்கு ஒன்றரை மைல் நடந்து, மழையில் நனைந்து, சளி பிடித்துக்கொண்டார். எல்லாரும் தரையில் படுப்பதைக் கண்டு, தமக்காக இரவல் வாங்கிவந்த கட்டிலை மறுத்துவிட்டார். இராணடே தந்த அங்கவஸ்திரத்தைக் காந்தியடிகள் தம் கையாலேயே பெட்டிபோட்டுக் கொடுத்தார்.

நவம்பர் 14-ஆம் நாள் பிரிட்டோரியாவில் போத்தா, ஸ்மட்ஸ் ஆகிய அமைச்சர்களைக் கோகலே சந்தித்தார். மூன்று பவுன் வரி நீக்கப்படும் என்று வாக்குப் பெற்றதாக நம்பித் திரும்பினார். காந்தியடிகளோ அப்போதே ஐயுற்றார். ஐயம் மெய்யாயிற்று. நேட்டால் வெள்ளையர் இசையவில்லை என்று 1913-இல் ஸ்மட்ஸ் கைவிரித்துவிட்டார்.

இங்கேதான் மிதவாதி என்ற சொல் போதாமற் போகிறது என்பது என் எண்ணம். அதுவரை அந்த வரி சத்தியாக்கிரகத்தின் கோரிக்கைகளுள் ஒன்றன்று. கோகலேக்குத் தந்த வாக்கு இந்தியாவுக்கே தந்த வாக்கு. அது மீறப்பட்டதும், வரியையும் போராட்டத்தில் சேர்க்கும் தகுதி காந்தியடிகளுக்குக் கிடைத்தது. அதனால்தான் கூலிமக்கள் போராட்டத்துக்குள் வந்தார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து சென்ற பெண்கள், ஏறக்குறைய எல்லாரும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யத் தூண்டினர். நவம்பர் 6-ஆம் நாள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர் எல்லையை நோக்கி நடந்தனர். கரும்புத் தோட்டங்களிலும் வேலை நின்றது. சிலர் சுடப்பட்டு மாண்டனர். பதினாறு வயது வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து கடுங்காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தாள். நம் தில்லையாடிக்கு அவளால் வந்த பெருமையை நாம் அறிவோம்.

அப்போது கோகலே நீரிழிவால் நலிந்திருந்தார். ஆயினும் நாடெங்கும் நிதி திரட்டி அனுப்பினார். ஆண்ட்ரூசையும் பியர்சனையும் அனுப்பினார். வைசிராய் ஹார்டிங்கு சென்னையில் போராட்டக்காரர் பக்கம் பரிந்து பேசியதற்கும் இந்தக் கிளர்ச்சியே காரணம். விசாரணைக் குழுவைப் புறக்கணிக்க வேண்டாம் என்று கோகலே கூறியதைக் காந்தியடிகள் ஏற்கவில்லை. மனம் வருந்தியபோதும் அவர் உதவியை நிறுத்தவில்லை! 1914-இல் வரி ஒழிந்தது.

அப்படியானால் அமைதிவழி போதுமா? மனு மட்டும் போதவில்லை என்பது தெளிவு. சுரங்கமும் தோட்டமும் நின்ற பிறகே செவி திறந்தது. அடித்தவர் ஒரு பக்கம், அடிபட்டவர் மறுபக்கம் என்று உலகம் ஐயமின்றிக் கண்டதும் துணைசெய்தது. ஆனால் கிடைத்தது என்ன? ஒரு வரி நீங்கியது, நம் திருமணங்கள் செல்லுபடியாயின. கறுப்பின மக்களுக்கு அதில் ஒன்றுமில்லை. 1913-இலேயே நிலச் சட்டம் அவர்கள் காலடி மண்ணைப் பறித்தது. 1960-இல் ஷார்ப்வில்லில் 69 பேர் சுடப்பட்டபின், மண்டேலா போன்றோர் ஆயுதமும் வேண்டும் என்று முடிவு செய்தனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. எனினும் 1994-இல் விடிந்ததற்குத் துப்பாக்கியைவிட வேலைநிறுத்தமும் உலகின் புறக்கணிப்புமே பெரிதும் உதவின என்று கருதுகிறேன்.

1915 பிப்ரவரியில் காந்தியடிகள் பூனாவுக்கு வந்தார். அவரை ஊழியர் சங்கத்தில் சேர்ப்பதற்கு உறுப்பினர் பலர் தயங்கினர்; கோகலேயோ விரும்பினார். அவருக்கு அளித்த விருந்தின்போது கோகலே மயங்கி விழுந்தார். பிப்ரவரி 19-ஆம் நாள், நாற்பத்தெட்டு வயதில் மறைந்தார். காந்தியடிகள் ஓராண்டு காலம் காலணி இன்றி நடந்தார். சங்கத் தலைமை, திருவல்லிக்கேணிப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரிடம் வந்தது. 1927-இல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக அவர் தென்னாப்பிரிக்கா சென்றார். வரி ஒழிந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நேட்டால் தமிழருக்கு 1896-இல் பறிபோன வாக்குரிமை இன்னும் திரும்பியிருக்கவில்லை.