தும்பாவின் வானத்தை நாடி வந்தவர்

நமது நகரிலிருந்து கடற்கரையை ஒட்டி வடக்கு நோக்கிச் சென்றால் தும்பாவை அடையலாம். நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்தும் அங்கே பணிக்குச் செல்வோர் உளர். ராக்கெட் என்றதும் நம் சிறுவர் சந்திரனையே எண்ணுவர். ஆயின் அந்நிலையத்தை நிறுவிய டாக்டர் விக்ரம் சாராபாய் முதலில் நாடியது சந்திரனை அன்று. நம் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி, தூரதேசத்து வானொலியை நம் இல்லத்திற்குக் கொணரும் மின்மண்டலத்தையே அவர் ஆராய விரும்பினார். அன்னாரின் வரலாற்றை இவ்வழியே கூற முற்படுகின்றோம்.

அவர் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12-ஆம் நாள் அகமதாபாத்தில் பிறந்தார். தந்தையார் பஞ்சாலை அதிபர் அம்பாலால் சாராபாய், அன்னையார் சரளாதேவி. பெற்றோர் தம் மக்களுக்கென இல்லத்திலேயே பள்ளி நடத்தினர். குஜராத் கல்லூரியிலும், பின்னர் கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் பயின்று 1940-இல் தேறினார். உலகப்போர் நடந்துகொண்டிருந்தமையால் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி மேற்கொண்டார். விண்ணின் ஆழத்திலிருந்து பூமியை வந்து தாக்கும் காஸ்மிக் கதிர்களே அவர் எடுத்துக்கொண்ட பொருள். மின்னேற்றம் பெற்ற அத்துகள்களைப் பூமியின் காந்தம் திசைதிருப்புகின்றது. ஆகவே அவற்றைக் கற்பவர் காந்தத்தையும் சூரியனையும் சேர்த்தே கற்றாக வேண்டும். பிற்காலத்தில் அவரைத் தும்பாவுக்கு ஈர்த்த ஆர்வத்தின் வித்து இதுவேயாம்.

1942-இல் அவர் மணந்த மிருணாளினி அம்மையார், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கிய சுவாமிநாதனின் மகள். நேதாஜியின் படையில் பணியாற்றிய கேப்டன் லட்சுமியின் தங்கை.

போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் அகமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக் கூடம் தோன்றியது. அப்போது அவருக்கு வயது 28. கூடத்தை நிறுவியவர் அவர். எனினும் முதல் இயக்குநர் பதவியில் தாம் அமரவில்லை. தம்மினும் 26 ஆண்டு மூத்தவரான கே. ஆர். இராமநாதனை அமர்த்தினார். பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த அப்பெரியார், இளமையில் நமது திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் பணியாற்றியவர். அலுவலகங்களில் நாற்காலிக்கு நடக்கும் போட்டியை நாள்தோறும் காணும் நமக்கு இச்செயலின் அருமை நன்கு விளங்கும். சாராபாயின் காஸ்மிக் கதிரும் இராமநாதனின் மேல்வளி ஆராய்ச்சியும் அக்கூடத்தின் இரு கண்களாயின.

மேல்வளிக்கும் வானொலிக்கும் உள்ள தொடர்பை இங்கே சிறிது விளக்குதல் வேண்டும். வானொலி அலை நேர்கோட்டில் செல்வது, பூமியோ உருண்டை. 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலிருந்து சைகை பெற்றபோது, அவ்வலை விண்ணில் மறையாது எங்ஙனம் வளைந்து வந்தது என்பது பெரும் புதிராயிற்று. உயர்வானில் மின்சாரம் பாயத்தக்க ஓர் அடுக்கு இருத்தல் வேண்டுமென 1902-இல் கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே ஊகித்தனர். 1924-இல் ஆப்பிள்டன் அதனை மெய்ப்பித்தார். சூரியனின் புற ஊதாக் கதிர் மேல்வளி அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றது. அவ்வாறு அமைவதே அயனி மண்டலம். சிற்றலை அதனுள் நுழைந்து சிறிது சிறிதாக வளைந்து தரைக்குத் திரும்பும். தரையிலோ கடலிலோ பட்டு மீண்டும் எழும். ஒரு தாவலில் ஏறக்குறைய 4000 கிலோமீட்டர் வரை கடக்கும். விரைவு வண்டி சிறு நிலையங்களில் நில்லாது செல்வதுபோல, இடையிலுள்ள ஊர்களுக்குக் கேளாமலே அது தாண்டிப் போவதும் உண்டு.

இவ்வழியை உலகுக்குக் காட்டியவர்களுள் பெரும் பங்கு பொழுதுபோக்காக வானொலி இயக்கும் அமெச்சூர் அன்பர்களுக்கு உரியது. 200 மீட்டருக்குக் குறைந்த அலைகள் தூரத்திற்குப் பயன்படா என்று எண்ணி அவற்றை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டனர். அவர்களோ அவற்றைக்கொண்டே 1923 நவம்பரில் அட்லாண்டிக்கின் இரு கரைகளுக்கிடையே செய்தி பரிமாறினர். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசி ஓய்ந்தபோது, போர்ட் பிளேயரில் முகாமிட்டிருந்த அமெச்சூர் குழுவினர் சிற்றலை வழியே உறவினர்க்குச் செய்தி அனுப்பினர். இன்னார் உயிருடன் உளர் என்னும் ஒரு வரியைக் கரையில் காத்திருந்தோர்க்குக் கொணர்ந்தது இம்மண்டலமே.

தும்பாவைத் தேர்ந்ததன் காரணம் இனி எளிதில் விளங்கும். காந்த ஊசி மேலும் கீழும் சாயாது கிடையாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோட்டைக் காந்த நடுவரை என்பர். அக்காலத்தில் அது தும்பாவுக்கு மிக அருகே சென்றது. அக்கோட்டின் மேலே, சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில், பகற்பொழுதில் கிழக்கு நோக்கி ஒரு மின்னாறு ஓடுகின்றது. பலூன் அவ்வளவு உயரம் ஏறாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்ந்து சுற்ற இயலாது. ராக்கெட் ஒன்றே அதனுட் புகத்தக்கது. 1962-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக் குழுவின் தலைமையேற்ற சாராபாய் இதற்கெனவே இக்கரைக்கு வந்தார்.

ஆயின் அவ்விடம் வெறும் மணற்காடன்று. மீனவர் இல்லங்களும் புனித மரிய மகதலேனா தேவாலயமும் அங்கே இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா சபையாரைக் கேட்க, அவர்கள் இசைந்தனர். வழிபட்ட கோவிலையும் முன்னோர் வாழ்ந்த மண்ணையும் விட்டுப் பெயர்தல் எளிதன்று. பிழைப்பை நாடி ஊர் பெயர்ந்து வந்த நாம் அதனை அறிவோம். அம்மீனவரோ தம் பிழைப்புக்காகப் பெயர்ந்தவரல்லர்.

தேவாலயம் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் உறுப்புகள் சைக்கிளிலும் சென்றன. 1963 நவம்பர் 21-ஆம் நாள் மாலை அமெரிக்காவின் நைக்கி-அப்பாச்சி எழுந்து, உயர்வானில் சோடியம் ஆவியைத் தூவியது. அந்திவானில் பரந்த அம்மேகத்தின் நகர்ச்சியிலிருந்து மேற்காற்றின் வேகம் கணக்கிடப்பட்டது. 1964-இல் காந்தமானி தாங்கிய ராக்கெட்டுகள் மின்னாற்றினூடே சென்று அளந்தன.

ஒரு விந்தையையும் கூறாதிருத்தல் இயலாது. பகலில் இந்நடுவரையின் மேலே எலெக்ட்ரான்கள் நீரூற்றுப்போல் மேலெழுந்து, காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் இறங்கிக் குவிகின்றன. வடபாற் குவியலின் முகடு அகமதாபாத்தின் அண்மையில் அமைகின்றது. நடுவரையின் இருபுறத்துக் குவியல்களிலும் பட்டுத் திரும்பி, இடையே தரையைத் தீண்டாமலே கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் வானொலி அலைகளும் உண்டு. 1947-இல் இதனைக் கண்டவரும் அமெச்சூர் அன்பர்களே. சாராபாய் பிறந்த ஊரும் அவர் உழைத்த ஊரும் வானத்திலே இவ்வாறு பிணைந்துள்ளன!

1966-இல் ஹோமி பாபா மறைந்தபின் அணுசக்தித் தலைமையும் அவர் தோளில் ஏறியது. 1968 பிப்ரவரி 2-இல் பிரதமர் இந்திரா காந்தி தும்பா நிலையத்தை ஐக்கிய நாடுகளுக்கு அர்ப்பணித்தார். இதற்குள் சாராபாயின் நாட்டம் இன்னும் உயரே சென்றிருந்தது. சூரியன் சீறினால் சிற்றலை சில மணி நேரம் அற்றுப்போகும். மண்டலத்தை ஊடுருவும் நுண்ணலையை 36,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோளுக்கு அனுப்பித் திரும்பப் பெற்றால் கிராமந்தோறும் கல்வி சேர்க்கலாம் என்று திட்டமிட்டார். 1969-இல் அமெரிக்காவுடன் அதற்கான ஒப்பந்தம் ஏற்பட்டது.

1971 டிசம்பர் இறுதியில் மீண்டும் இங்கே வந்தார். தும்பாவிற்கென அமையவிருந்த ரயில் நிலையத்தின் அடிக்கல் விழாவும் அப்பயணத்தின் காரணங்களுள் ஒன்று. ரயில்வேயில் ஊழியம் புரியும் நமக்கு இது மறவாத செய்தி. டிசம்பர் 30-ஆம் நாள் இரவு, கோவளம் மாளிகையில் உறங்கச் சென்றவர் எழவில்லை. வயது 52. உடல் அகமதாபாத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அவர் திட்டமிட்ட கல்வி ஒளிபரப்பு 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் 2400 கிராமங்களை எட்டியது. மீனவர் விட்டுக்கொடுத்த தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகின்றது.