பரீட்சையில் தோற்ற பிள்ளையும் நாமகிரித் தாயாரும்

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் நமது ஆலயத்தில் ஒரு காட்சியைக் காணலாம். சாதாரண தரமோ உயர்தரமோ எழுதப்போகும் பிள்ளைகள் அனுமதி அட்டையையும் பேனையையும் அர்ச்சனைத் தட்டில் வைத்து, பெயர் நட்சத்திரம் சொல்லி, விபூதி பூசிக்கொண்டு போவார்கள். மலையில் கொழுந்து பறித்துவிட்டு இறங்கிய களைப்போடு தாய்மார் அவர்களுக்குப் பின்னால் நிற்பார்கள். பெறுபேறு வந்ததன் பிறகு இன்னொரு காட்சி. சித்தியடைந்த பிள்ளைகள் பொங்கல் வைக்க வருவார்கள். சித்தியடையாத பிள்ளைகளைப் பல மாதங்களுக்குக் கோயில் பக்கமே காணமுடியாது. சாமிக்கு முன்னால் என்ன முகத்தோடு போய் நிற்பது என்று தாய் தயங்குவாள். இவ்வளவு கும்பிட்டும் சாமி எனக்கு என்ன செய்தார் என்று பிள்ளை நினைக்கும்.

அந்தப் பிள்ளைகளை மனதில் வைத்தே, உலகம் போற்றும் கணிதமேதை ஸ்ரீநிவாச இராமானுஜனின் சரித்திரத்தை இம்மலரில் எழுத விரும்பினேன். அவர் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். மார்கழி மாதத்தில் திருவெம்பாவையோடு திருப்பாவையையும் சேர்த்துப் பாடுகின்ற நமக்கு அது ஒரு வேற்றுமையாகத் தோன்றாது. மேலும் நமது பாட்டன் பூட்டன்மாரில் அநேகர் சேலம், திருச்சி, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து கண்டிச் சீமைக்கு வந்தவர்கள். இராமானுஜனின் கதை நடந்த மண்ணும் அதுதான்.

சேலம் பக்கத்திலுள்ள நாமக்கல்லில் ஒரே பாறையாக எழுந்து நிற்கும் மலையின் அடியில் நரசிம்மப் பெருமாளின் குடைவரைக் கோயில் இருக்கின்றது. அங்கே எழுந்தருளியிருக்கும் தாயாரின் திருநாமம் நாமகிரி. இராமானுஜனின் தாயார் கோமளத்தம்மாளுக்குத் திருமணமாகிச் சில காலம் பிள்ளைப்பேறு இல்லாதிருக்க, குடும்பத்தார் நாமகிரித் தாயாரையே வேண்டினார்கள். 1887 டிசம்பர் 22 ஆந் திகதி ஈரோட்டில், பாட்டனார் வீட்டில், ஆண் குழந்தை பிறந்தது. இரண்டு வயதில் வைசூரி கண்டு பிழைத்தது. தகப்பனார் ஸ்ரீநிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதுபவர். மாதச் சம்பளம் ஏறக்குறைய 20 ரூபா. கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடி வரும் சிறு வருமானமும் சேர்ந்துதான் அடுப்பு எரிந்தது.

சிறுவயதில் அவர் பரீட்சையில் தோற்கவில்லை. 1897 இல் நடந்த ஆரம்பப் பரீட்சையில் மாவட்டத்திலேயே முதலாவதாக வந்தார். 1904 இல் நகர உயர்தரப் பாடசாலையை விட்டு வெளியேறும்போது கணிதத்துக்கான பரிசும் கிடைத்தது. இவருக்கு முழுப்புள்ளி கொடுத்தாலும் போதாது என்று தலைமையாசிரியர் சபையிலே பாராட்டினார். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் உதவிப்பணத்தோடு இடமும் கிடைத்தது. வீட்டார் மகிழ்ந்தார்கள். இனி ஓர் உத்தியோகம், அதன்பின் கஷ்டம் தீரும் என்று எந்தத் தகப்பனும் நினைப்பதைத்தான் அந்தத் தகப்பனாரும் நினைத்திருப்பார்.

அதற்கு முந்திய ஆண்டு, பதினைந்து பதினாறு வயதில், காரென்ற ஆங்கிலேயர் தொகுத்த ஒரு கணித நூல் அவர் கைக்கு வந்திருந்தது. ஏறக்குறைய ஐயாயிரம் தேற்றங்களை வரிசையாக அடுக்கி, விளக்கம் அதிகம் இல்லாமல் எழுதப்பட்ட நூல். மற்றவர்களுக்கு அது வரண்ட புத்தகம். இவருக்கோ ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப்பார்க்க வேண்டும் என்ற தாகம் பிறந்துவிட்டது. வகுப்பிலே ஆங்கிலமும் சரித்திரமும் நடந்துகொண்டிருக்கும். இவர் மனம் எண்களில் இருக்கும். ஆங்கிலத்தில் சித்தியடையவில்லை. உதவிப்பணம் நிறுத்தப்பட்டது. தாயார் கல்லூரி அதிபரிடம் நேரிலே சென்று மன்றாடியும் பயனில்லை. தவணைக்கு 32 ரூபா கட்டணம். தகப்பனாரின் ஒரு மாதச் சம்பளத்திலும் கூடிய தொகை. சில காலம் சமாளித்துப் பார்த்தார்கள்.

1905 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிள்ளை வீட்டை விட்டுக் காணாமற் போனது. வயது பதினேழு. ரயிலேறி நெடுந்தூரத்திலுள்ள விசாகப்பட்டினம் வரை போய்விட்டார். பெற்றோர் பத்திரிகையில் அறிவித்தல் கொடுத்துத் தேடினார்கள். அந்த நாட்களில் கோமளத்தம்மாளின் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்பதைப் பெற்றவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிள்ளை திரும்பி வந்தது. வந்த பிள்ளையை வீடு ஏற்றுக்கொண்டது. இந்தச் சரித்திரத்தில் இதைச் சிறிய விடயம் என்று நான் கருதவில்லை.

மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். இடையில் நோயுற்று மூன்று மாதம் ஊரில் கிடந்தார். அங்கும் கணிதத்தில் அவருக்கு நிகர் எவருமில்லை. உடற்றொழிலியல் என்ற பாடந்தான் காலை வாரியது. உணவு சமிக்கும் விதத்தை விளக்கச் சொன்ன வினாவுக்கு, அந்த அத்தியாயமே தமக்குச் சமிக்கவில்லை என்ற கருத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1906 இல் எப்.ஏ. பரீட்சையில் தோல்வி. 1907 இல் மீண்டும் தோற்றினார், மீண்டும் தோல்வி. அத்தோடு அவரது கல்லூரிப் படிப்பு முடிந்தது. பட்டம் இல்லை, பதவி இல்லை, கையிலே காசும் இல்லை.

அடியார்களே, இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். நாமகிரித் தாயாரை வேண்டிப் பெற்ற பிள்ளை. தாயாரின் திருநாமத்தை நாவிலே வைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை. தெய்வம் பரீட்சையில் சித்தி தருவதாக இருந்தால் முதலில் இவருக்கல்லவா தந்திருக்க வேண்டும்? இரண்டு கல்லூரிகளிலும் தோற்ற அவரைப் பார்த்து, நீ சரியாகக் கும்பிடவில்லை என்று உறவினர் யாராவது சொல்லியிருக்கவும் கூடும். நமது ஊர்களில் அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கஷ்டப்படும் பிள்ளையிடம் அதைவிடக் கொடிய சொல் வேறில்லை.

இராமானுஜன் தாயாரைக் கோபிக்கவில்லை, கைவிடவும் இல்லை. தமக்குத் தோன்றும் சூத்திரங்களை நாமகிரித் தாயாரே கனவில் காட்டுகிறாள் என்று நண்பர்களிடம் சொல்லிவந்தார். காகிதம் வாங்க வசதியில்லாததால் திண்ணையில் அமர்ந்து சிலேற்றிலே கணக்குப் போடுவார். அழிப்பதற்குத் துணி எடுக்கவும் பொறுமை இல்லை, முழங்கையாலேயே அழிப்பார். முடிவை மாத்திரம் குறிப்பேட்டில் எழுதிவைப்பார். பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கப் பார்த்தார். அவர் போகும் வேகத்துக்கு மாணவர்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. சில நாட்கள் நண்பர்கள் வீட்டிலே உணவு. 1909 ஜூலையில், பொறுப்பு வரட்டும் என்று தாயார் ஜானகி என்ற சிறுமியை மணம் முடித்துவைத்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. பணமில்லாத நிலையில் வைத்தியர் ஒருவர் கூலி வாங்காமலே செய்துகொடுத்தார்.

1910 இல் குறிப்பேடுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே உதவிக் கலெக்டராக இருந்த இராமசாமி ஐயர் கணித சங்கத்தை நிறுவியவர். ஒரு சாதாரண எழுதுவினைஞர் வேலை கேட்டுத்தான் போனார். குறிப்பேட்டைப் புரட்டிய ஐயர், இப்படிப்பட்டவரைக் கச்சேரி மூலையில் இருத்துவது பாவம் என்று கருதி, சென்னையிலுள்ளவர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். அப்படிக் கைமாறிக் கைமாறி நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவிடம் வந்து சேர்ந்தார். ராவ் தமது பணத்திலிருந்து மாதம் 25 ரூபா கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச் முதலாந் திகதி சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபா சம்பளத்தில் வேலை கிடைத்தது. அங்கே தலைமைக் கணக்காளராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். கூலி வாங்காத வைத்தியர், வேலை கேட்டவரைத் திருப்பியனுப்பிய உதவிக் கலெக்டர், சொந்தப் பணம் கொடுத்த கலெக்டர், கூட இருந்து கணக்குப் பார்த்த மேலதிகாரி. நாமகிரித் தாயார் எந்த உருவத்தில் வந்தாள் என்று கேட்டால் நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

1913 ஜனவரி 16 ஆந் திகதி கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலுள்ள ஹார்டி என்ற கணிதப் பேராசானுக்குத் தமது சூத்திரங்களை எழுதியனுப்பினார். அதற்குமுன் வேறிரு அறிஞர்களுக்கு எழுதியும் பயன் கிட்டவில்லை. ஹார்டி படித்துப் பார்த்து வியந்தார். அதே ஆண்டு, பட்டமில்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபா ஆராய்ச்சி உதவிப்பணம் அளித்தது. எந்தப் பரீட்சை அவரை வெளியே தள்ளியதோ, அந்தப் பரீட்சையை நடத்திய பல்கலைக்கழகமும் அதுவே.

ஹார்டி இங்கிலாந்துக்கு அழைத்தார். ஆசாரமுள்ள குடும்பத்தவர் கடல் கடக்கலாகாது என்பது அக்காலக் கட்டுப்பாடு. 1913 முடிவில் இராமானுஜன் நாராயண ஐயரோடு நாமக்கல்லுக்குப் போய், கோயிலிலே மூன்று இரவுகள் படுத்திருந்து உத்தரவை எதிர்பார்த்தார் என்பர். கோமளத்தம்மாளின் கனவில் நாமகிரித் தாயாரே தோன்றி, மகனைத் தடுக்காதே என்று கட்டளையிட்டதாகவும் சொல்லப்படுகிறது. 1914 மார்ச் 17 இல் சென்னையிலிருந்து கப்பலேறினார். போய்ச் சேர்ந்தது திரினிட்டிக் கல்லூரி. கண்டியில் நாம் அறிந்த திரித்துவக் கல்லூரி அன்று, கேம்பிரிட்ஜிலுள்ள அதே பெயர்க் கல்லூரி.

ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். இராமானுஜனின் பக்தி வெறும் ஆசாரந்தான் என்று அவர் கருதினார். ஊரிலே அவரோடு உண்டு உறங்கியவர்கள் அப்படிக் கருதவில்லை. நான் ஊரார் பக்கம்.

சில மாதங்களில் முதலாம் உலகயுத்தம் மூண்டது. மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு; தாமே சமைத்து, நேரந்தவறி உண்டு, குளிரில் தனித்திருந்து 1917 இல் கடும் நோயாளியானார். ஊரில் மாமிக்கும் மருமகளுக்கும் பிணக்கு. மனைவியின் கடிதங்கள் அவர் கைக்கு வந்து சேரவில்லை. 1918 தொடக்கத்தில் இலண்டனில் ஒருநாள் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முற்பட்டார். தெய்வாதீனமாகக் காப்பாற்றப்பட்டார். ஹார்டி ஓடிவந்து பொலிஸாரிடம் பேசி அவரை மீட்டார்.

ஆலய மலரில் இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விடுவதுதான் தவறு என்று பட்டது. சாமி கும்பிடுகிற பிள்ளைக்கு அப்படியான எண்ணம் வராது என்று பெற்றோர் அலட்சியமாக இருந்துவிடக்கூடாது. அறைக்குள்ளே பேசாமல் கிடக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருக்கவேண்டும். வீட்டாரிடம் சொல்லமுடியாததை ஆசிரியரிடமோ குருக்கள் ஐயாவிடமோ வைத்தியரிடமோ சொல்வதற்கு வழிசெய்யவேண்டும். பிள்ளைகளே, அந்த இருட்டு நாளுக்குப் பின்னர் நடந்ததையும் கேளுங்கள். அதே 1918 மே மாதத்தில் இங்கிலாந்தின் ரோயல் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றது. ஒக்டோபரில் திரினிட்டிக் கல்லூரி அவரைத் தனது ஆய்வறிஞர் குழுவிலே சேர்த்துக்கொண்டது; அந்த இடத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண் தருவதாக அறிவித்தது. 1919 ஜனவரியில் அதற்கு அவர் அனுப்பிய பதிலில், தொகை அதிகம் என்றும், பெற்றோருக்கும் தமது அவசியச் செலவுக்கும் போக மீதியை ஏழைப் பிள்ளைகளினதும் அநாதைப் பிள்ளைகளினதும் பாடசாலைக் கட்டணத்தைக் குறைக்கப் பயன்படுத்தும்படியும் கேட்டுக்கொண்டார். தவணைக்கு 32 ரூபா இல்லாமல் நின்ற பதினேழு வயதை அவர் மறக்கவில்லை.

அவ்வாண்டு மார்ச் மாதம் தாய்நாடு திரும்பினார். நோய் விடவில்லை. படுக்கையிலும் கணக்கையும் விடவில்லை. 1920 ஏப்ரல் 26 ஆந் திகதி சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டாவது வயதில், இறைபதம் எய்தினார். இறுதி ஆண்டில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் யாரும் கவனியாமல் கிடந்து, 1976 இல் கண்டெடுக்கப்பட்டன. இன்றும் கணித அறிஞர்கள் அவற்றை ஆராய்கின்றார்கள்.

நம்மவர்கள் பலர் தலயாத்திரையாகத் தமிழகம் சென்று கும்பகோணத்தில் சாரங்கபாணிப் பெருமாளையும் கும்பேசுவரரையும் தரிசித்து வருகிறார்கள். அடுத்தமுறை போகிறவர்கள், சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஓடு வேய்ந்த அந்தச் சிறிய வீட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். நினைவில்லமாகப் பேணப்படுகின்றது. உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளை கூட வந்தால், திண்ணையில் சற்றுநேரம் உட்காரச் சொல்லுங்கள். முழங்கையால் சிலேற்றை அழித்துக்கொண்டு இராமானுஜன் உட்கார்ந்திருந்த திண்ணை அது.