கரையிலிருந்து ஓடம் செலுத்திய நிக்கோலா டெஸ்லா

மாமல்லபுரத்துக் கடற்கரையில் விடியற்காலையில் நிற்பவர்களுக்குக் கட்டுமரம் அலையைத் தாண்டும் காட்சி புதிதன்று. மரம் எத்துணை இலேசாயினும் துடுப்புப் பிடிக்கும் கை ஒன்று அதன்மேல் இருந்தே தீரவேண்டும். ஆளில்லாத ஓடம் அலையின் வசம் என்பது ஆதிகாலந்தொட்டு மனிதர் அறிந்த விதி. அவ்விதியை 1898-ஆம் ஆண்டில் மாற்றிக் காட்டிய ஒருவரின் சரித்திரத்தை இங்கே சுருக்கமாக எழுதுகிறோம். இக்காலத்துப் பிள்ளைகள் கையில் சிறு பெட்டியொன்றை வைத்துக்கொண்டு குளத்தில் பந்தயப் படகை நினைத்தபடி திருப்பி விளையாடுகிறார்களே, அப்படகுகளுக்கெல்லாம் மூதாதை அவர் கட்டிய ஓடமேயாகும்.

நிக்கோலா டெஸ்லா 1856-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி, இப்போது குரோஷியா தேசத்தில் உள்ள ஸ்மில்யான் என்னும் கிராமத்தில் செர்பியக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் கோயில் குருமார். தாயார் எழுத்தறியாதவர், ஆயினும் வீட்டுக்கு வேண்டிய சிறு கருவிகளைத் தாமே செய்துகொள்ளும் கைத்திறம் வாய்ந்தவர். தம் புத்தி தாய்வழி வந்ததென்று டெஸ்லா பிற்காலத்தில் நன்றியுடன் நினைத்துக்கொண்டார். மகனும் குருவாக வேண்டுமென்பது தந்தையார் விருப்பம். காலரா கண்டு பிள்ளை மரணத்தறுவாயில் கிடந்தபோது, பிழைத்தெழுந்தால் யந்திரக் கல்விக்கு அனுப்புவதாக அவர் வாக்களித்தார், அவ்வாறே அனுப்பினார்.

கிராட்ஸ் நகரத்துக் கலாசாலையில் சேர்ந்த டெஸ்லா பட்டம் பெறாமலே வெளியேறினார். 1882-இல் புடாபெஸ்ட் நகரப் பூங்காவில் உலவும்போது, திசை மாறி மாறி ஓடும் மின்சாரத்தால் சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது. 1884-இல் அமெரிக்கா சென்று எடிசனிடம் சில மாதங்கள் வேலைபார்த்தார். பின்பு தம் பெயரால் தொடங்கிய கம்பெனியையும் கூட்டாளிகளிடம் இழந்து, கூலிக்குப் பள்ளம் தோண்டிப் பிழைக்கும் நிலைக்கு வந்தார். ஆயினும் 1888-இல் அவர் பெற்ற காப்புரிமைகளை வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியார் வாங்கிக்கொண்டனர். செங்கற்பட்டைச் சுற்றியுள்ள கழனிக் கிணறுகளில் தண்ணீர் இறைக்கும் மூன்று முனை மின்சார மோட்டார், அவர் கண்ட வழியில் வந்ததே. 1896-இல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் பபலோ நகரத்துக்குச் சென்றதும் அவ்வழியே.

அதே 1896-இல் நியூயார்க்கில் சுவாமி விவேகானந்தரை அவர் சந்தித்துப் பிராணன், ஆகாசம் என்னும் நம் நாட்டுத் தத்துவங்களைப்பற்றி உரையாடினார். மறு வருஷமே சுவாமிகள் சென்னைக்குத் திரும்பி நம்மவர்க்கு உபந்யாசங்கள் செய்தார்.

இனி ஓடத்தின் கதைக்கு வருவோம். 1895 மார்ச்சு மாதத்தில் டெஸ்லாவின் ஆய்வுக்கூடம் தீக்கிரையாயிற்று. பல வருஷத்து உழைப்பு ஓர் இரவில் சாம்பலாயிற்று. மனம் தளராது வேறிடத்தில் மீண்டும் தொடங்கியவர், மூன்று நான்கு அடி நீளமுள்ள இரும்பு ஓடமொன்றை அமைத்தார். அதனுள்ளே மின்கலங்கள், பின்விசிறியைச் சுழற்ற ஒரு மோட்டார், சுக்கானைத் திருப்ப மற்றொரு மோட்டார், அடையாளம் காட்ட விளக்குகள், மேலே அலை வாங்கும் கம்பிகள் ஆகியவை இருந்தன.

அது இயங்கிய விதத்தை நம் ஊர் உதாரணத்தால் விளக்குவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மாமல்லபுரத்து ஒலக்கணேசுவரர் கோயில் உச்சியில் விளக்கேற்றிக் கப்பல்களுக்கு வழிகாட்டினார்கள். அவ்வொளியைக் கண்ட மாலுமி கையால் சுக்கானைத் திருப்புவான். ஒளியும் ஒருவகை அலை. கம்பியில்லாத் தந்தியின் அலையும் அதன் இனமே. டெஸ்லா மாலுமியின் கண்ணுக்குப் பதிலாக உலோகப்பொடி நிறைந்த சிறு குழலை வைத்தார். அலை வந்து தாக்கியதும் அப்பொடி மின்சாரத்துக்கு வழிவிடும். உடனே சுக்கான் மோட்டார் இயங்கும். பின்பு குழல் தானே புரண்டு, பொடி உதிர்ந்து, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும்.

1898-இல் நியூயார்க் மாடிசன் சதுக்கத்து மண்டபத்தில் இவ்வோடத்தை அவர் ஜனங்களுக்குக் காட்டியதாகச் சரித்திரம் கூறும். 64-இன் கன மூலம் யாதென்று கேட்டால் விளக்கு நான்கு முறை மின்னும். ஓடம் கணக்கறியாது, கரையில் நின்றவரே விடை சொன்னார். ஆயினும் கண்டவர் பிரமித்தனர். அவ்வருஷம் நவம்பர் 8-ஆம் தேதி 613,809 என்னும் எண்ணுள்ள காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. மூன்றாண்டுக்கு முன்னரே கல்கத்தாவில் நம் ஜகதீச சந்திர போஸ் சுவர்களுக்கு அப்பாலிருந்து அலையை அனுப்பி, மணியை ஒலிக்கவும் வெடிமருந்தை வெடிக்கவும் செய்தார் என்பதையும் இங்கே மறவாதிருப்போம்.

டெஸ்லா இவ்வோடத்தைப் போர்க்கருவியாக அரசாங்கத்தாருக்கு அளிக்க முன்வந்தார். ஆளில்லாப் படகுகள் வந்துவிட்டால் அழிவுக்கு அஞ்சித் தேசங்கள் யுத்தத்தையே விட்டொழிக்கும் என்பது அவர் நம்பிக்கை. அதிகாரிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவர் நம்பிக்கையும் பொய்த்தது. 2022 முதல் கருங்கடலில் ஆளில்லாப் படகுகள் போர்க்கப்பல்களைத் தாக்கியிருக்கின்றன, யுத்தமோ நிற்கவில்லை. கருவி கூர்மையானால் மனம் தானே திருந்துமென்று எண்ணுவது பிழை என்பதை இதனால் அறிகிறோம்.

பிற்காலம் அவருக்குத் துன்பகாலமாயிற்று. கம்பெனி நெருக்கடியில் இருந்தபோது தமக்குரிய பங்குத்தொகையை விட்டுக்கொடுத்தார். 1901-இல் மார்கன் என்னும் தனவந்தரின் பொருளுதவியால் தொடங்கிய பெரிய அலைக்கோபுரம் முற்றுப்பெறாமல் நின்று, 1917-இல் இடிக்கப்பட்டது. மணம் செய்துகொள்ளாத அவர், புறாக்களுக்கு இரையிட்டுக்கொண்டு ஹோட்டல் அறைகளில் வாழ்ந்து, 1943 ஜனவரி 7-ஆம் தேதி தனிமையில் காலமானார். சில மாதங்களுக்குப்பின் அமெரிக்க உயர்ந்த நீதிமன்றம் மார்க்கோனியின் முக்கியமான காப்புரிமை ஒன்றைச் செல்லாதென்று தீர்த்தபோது, டெஸ்லாவின் முந்திய வேலையையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 1960-இல் காந்தப்புல வலிமையின் அளவைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

வித்தையிருந்தும் வறுமையில் மாண்டாரே, இவரைப் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டலாமா என்று சிலர் கேட்கக்கூடும். குறை அவரிடத்தும் இல்லாமலில்லை. வரவுசெலவைக் கவனியார்; முடிக்கும் முன்னே பெரிதாக அறிவித்துவிடுவார். அவற்றைப் பின்பற்ற வேண்டுவதில்லை. ஆனால் பட்டமின்றிக் கல்லூரியை விட்டவன், பள்ளம் தோண்டியவன், தீயில் யாவும் இழந்தவன் எனப் பல வேளைகளில் உலகம் அவரைக் கைவிட நேர்ந்தும், அவர் தம் கைவேலையைக் கைவிடவில்லை. நம் வீட்டுச் சிறுவன் பழைய மோட்டாரைப் பிரித்துப்போட்டுத் திண்ணையைக் குப்பையாக்கினால், அதட்டுமுன் சற்று நின்று அவன் செய்வதைப் பார்ப்போமாக. எழுத்தறியாத ஒரு தாய் அவ்வாறு பார்த்திருந்ததன் பலனையே இன்று உலகம் அனுபவிக்கின்றது.