ஓவியம் படிச்சா சோறு கிடைக்குமா? – கே.சி.எஸ்.பணிக்கர் கண்டுபிடித்த பதில்

கவின்கலைக் கல்லூரியில் சேரப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், பெரும்பாலான வீடுகளில் எழும் முதல் கேள்வி: படிச்சு முடிச்சா சோத்துக்கு என்ன வழி?

60 வருஷத்துக்கு முன்பு சென்னையில் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர், கலைக் கல்லூரியின் முதல்வர். அதற்குப் பதிலாக, ஓவியர்களுக்கென்று ஒரு கிராமமே கடற்கரை ஓரத்தில் உருவானது. அந்த முதல்வர்தான் கே.சி.எஸ்.பணிக்கர்.

யார் இந்த பணிக்கர்?

1911 மே 31-ம் தேதி கோயம்புத்தூரில் பிறந்தவர். கேரளக் குடும்பம். படிப்பு கேரளாவிலும் சென்னையிலும். சின்ன வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வண்ணத்தில் வரையத் தொடங்கிவிட்டார்.

ஆனால் அப்பா இறந்துபோக, 18 வயதில் கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு தந்தி இலாகா வேலைக்குப் போக வேண்டிய நிலை. சில வருஷங்கள் கழித்து அந்த வேலையை உதறினார். 1936-ல், 25 வயதில், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். கலையா, சம்பளமா என்ற சிக்கல் அவர் புத்தகத்தில் படித்தது அல்ல, சொந்த வாழ்க்கையில் பட்டது.

எப்படிப்பட்ட பள்ளி அது?

அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850-ல் தொடங்கிய பள்ளி. ஆங்கிலேயர் காலத்தில் மரவேலை, உலோகவேலை, மண்பாண்டம் போன்ற கைத்தொழில்களுக்குத்தான் அங்கே முக்கிய இடம்.

1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் இவர்தான். இவர் காலத்தில் ஓவியமும் சிற்பமும் முன்னுக்கு வந்தன. இவரிடம் படித்த பணிக்கர், படிப்பு முடிந்ததும் அதே பள்ளியில் ஆசிரியரானார். 1957-ல் ராய் சௌத்ரிக்குப் பிறகு முதல்வரும் ஆனார்.

கையும் யோசிக்கணும்

வரையத் தெரிந்தால் மட்டும் போதாது, எதை, ஏன் வரைகிறோம் என்பதும் தெரிய வேண்டும். பணிக்கரின் வழி இதுதான். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1960-களில் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்ற இதழும் அந்தச் சங்கத்திலிருந்து வந்தது. ஓவியர்கள் வரைவதோடு நிற்காமல் கலையைப் பற்றிப் பேச, எழுத, விவாதிக்க அது ஒரு களம்.

1954-ல் லண்டன் உள்ளிட்ட ஐரோப்பிய நகரங்களுக்குப் போனார். அங்கே நவீன ஓவியங்களை நேரில் பார்த்தார். ஊர் திரும்பியவருக்கு ஒரு கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. மேற்கத்திய நவீன ஓவியத்தைக் காப்பி அடிக்கவும் கூடாது, பழைய இந்திய ஓவியத்தைத் திரும்பத் திரும்ப வரையவும் கூடாது. அப்போ நம்முடையது எது?

அவருடைய சொந்த பதில் 1963-ல் கிடைத்தது. ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்கள், எழுத்துகள், கோடுகள். கணக்காகப் பார்க்காமல் படமாகப் பார்த்தார். அதிலிருந்து வந்ததுதான் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசை.

மலையாள எழுத்து போலத் தெரியும், ஆனால் படிக்க முடியாது. ஜாதகக் கட்டம் போல இருக்கும், ஆனால் பலன் சொல்லாது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் ஜாதக ஓலையிலேயே நவீன ஓவியத்துக்கான வடிவம் இருக்கிறது என்று அந்தப் படங்கள் காட்டின. அவரைச் சுற்றி வளர்ந்த இந்தப் போக்கைத்தான் ‘மெட்ராஸ் கலை இயக்கம்’ என்கிறார்கள்.

படிச்ச பிறகு?

இவ்வளவு கற்றும் வெளியே வந்த மாணவர்களின் நிலை என்ன? அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தை வாங்க ஆள் ரொம்பக் குறைவு. துணி டிசைன், விளம்பரம் என்று ஏதாவது வேலைக்குப் போனால் வரைய நேரம் இருக்காது. திறமையான பலர் வரைவதையே விட்டுவிடும் ஆபத்து இருந்தது.

இங்கேதான் பணிக்கர் கைத்தொழிலைத் திரும்பக் கொண்டுவந்தார். துணியில் மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் போன்ற வேலைகளை ஓவியர்களே செய்து விற்பது. அந்த வருமானத்தில் சாப்பாட்டுக் கவலை இல்லாமல், யாருக்காகவும் வளைந்து கொடுக்காமல் ஓவியம் வரைவது. இதுதான் திட்டம். இதற்காக ஓவியர்கள் சேர்ந்து ஒரு கைவினைச் சங்கம் அமைத்தார்கள். பாத்திக் துணிகள் நன்றாக விற்றன.

சோழமண்டலம் பிறந்தது

அப்படிச் சேர்ந்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. இன்று ஈ.சி.ஆர். பரபரப்பாக ஓடும் அந்தப் பகுதி, அன்று ஆள் நடமாட்டம் குறைந்த மணல்வெளி. ஜே.சுல்தான் அலி, கே.வி.ஹரிதாசன், எஸ்.ஜி.வாசுதேவ், விஸ்வநாதன், பி.வி.ஜானகிராம், எம்.சேனாதிபதி போன்ற ஓவியர்களும் சிற்பிகளும் இதன் தொடக்க காலத்தோடு சேர்ந்தவர்கள்.

அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பு அல்ல இது. ஓவியர்களே உழைத்துச் சம்பாதித்து அமைத்துக்கொண்டது. இதன் தனிச்சிறப்பும் அதுதான். 1967-ல் ஓய்வுபெற்ற பணிக்கரும் இந்தக் கிராமத்தோடே தன் வாழ்க்கையை இணைத்துக்கொண்டார்.

இன்று என்ன இருக்கிறது?

1976-ல் லலித் கலா அகாடமி அவருக்கு ஃபெல்லோஷிப் வழங்கியது. அடுத்த ஆண்டு ஜனவரியில், 65 வயதில் பணிக்கர் காலமானார். அவருடைய ஓவியங்களுக்கென்றே ஒரு காட்சிக்கூடம் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கிறது. அவர் மகன் எஸ்.நந்தகோபாலும் பெயர் பெற்ற சிற்பி.

ஹன்டர் தொடங்கிய பள்ளி இன்று சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. சோழமண்டலமும் இருக்கிறது. அங்கே 2009-ல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் மெட்ராஸ் கலை இயக்க ஓவியங்களை நேரில் பார்க்கலாம்.

வேலைக்குப் போகாதே என்று பணிக்கர் மாணவர்களிடம் எதிர்பார்க்கவில்லை. வரைவதைக் காப்பாற்றும் வேலையைத் தேடு, தனியாக முடியாவிட்டால் கூட்டாகச் சேர்ந்து தேடு என்பதே அவர் காட்டிய வழி. ஓவியம் படிக்க ஆசைப்படும் பிள்ளை இருக்கும் வீடுகள், முடிவெடுக்கும் முன் ஒரு நாள் ஈஞ்சம்பாக்கம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.