ஹாங் கிறீன்பேர்க்

மாணவர்களே, எல்லே ஆடியவர்களுக்கு பேஸ்போல் ஆட்டத்தின் அடிப்படை புதிதல்ல. பந்தை அடித்துவிட்டுத் தளங்களைச் சுற்றி ஓடி வரவேண்டும். பந்து வேலியைத் தாண்டினால் அது ஹோம் ரன். அமெரிக்காவின் உயர்மட்டப் போட்டிகளில் 331 ஹோம் ரன்களை அடித்த யூத வீரர் ஒருவரைப் பற்றியே நீங்கள் இப்போது வாசிக்கப்போகிறீர்கள்.

ஹாங் கிறீன்பேர்க் 1911 ஜனவரி 1ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிறந்தார். பெற்றோர் ருமேனியாவிலிருந்து குடியேறியவர்கள். சமய ஒழுக்கங்களை இறுக்கமாகப் பின்பற்றியவர்கள். மகன் படித்துப் பட்டம் பெறவேண்டும் என்பதே அவர்களது விருப்பம். மகனோ பூங்கா மைதானத்திலேயே பொழுதைக் கழித்தார். சொந்த நகரின் புகழ்பெற்ற யாங்கீஸ் அணி அவரை அழைத்தது. ஆனால் அவர் ஆடும் முதலாம் தளத்தில் அங்கே லூ கெரிக் என்ற பெருவீரர் இருந்தார். எனவே அந்த அழைப்பை மறுத்து, டெற்றோயிற் டைகர்ஸ் அணியில் சேர்ந்தார். இளவயதில் எடுத்த கெட்டிக்காரத்தனமான முடிவு இது.

டெற்றோயிற் யூதர்களுக்கு இதமான இடமாக இருக்கவில்லை. மோட்டார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டின் பத்திரிகை 1920களில் யூத வெறுப்பைப் பரப்பியது. 1930களில் சாள்ஸ் கொக்லின் என்ற பாதிரியார் வானொலியில் அதையே செய்தார். மைதானத்திலும் எதிரணியினரும் பார்வையாளரும் கிறீன்பேர்க்கை இனப்பெயர் சொல்லி ஏசினர்.

1934ஆம் ஆண்டை நன்றாகக் கவனியுங்கள். டைகர்ஸ் அணி லீக் வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்த செப்டெம்பர் மாதத்தில் யூதப் புத்தாண்டு வந்தது. ஆடுவதா, விடுவதா? நகரமே அதைப் பற்றிப் பேசியது. அவர் ஆடினார். அன்று அணி 2-1 என வென்றது. அந்த இரண்டும் அவர் அடித்த ஹோம் ரன்கள். அடுத்து வந்தது யோம் கிப்பூர் என்னும் நோன்பு நாள். யூதர்களுக்கு ஆண்டின் மிகப் புனிதமான நாள் அது. எதிரணி யாங்கீஸ். கிறீன்பேர்க் அன்று மைதானத்துக்குப் போகவில்லை, செபக்கூடத்துக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் கூடியிருந்தோர் கைதட்டி வரவேற்றனர். அணி தோற்றது. ஆனாலும் அவ்வாண்டு லீக் வெற்றி டைகர்ஸுக்கே கிடைத்தது. அவர் பெரிய பக்திமான் அல்லர் என்பதையும் நினைவில் வையுங்கள். பெற்றோருக்கும் தம் மக்களுக்கும் கொடுத்த மதிப்பாகவே அதைச் செய்தார்.

1935இலும் 1940இலும் அமெரிக்கன் லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. 1938இல் 58 ஹோம் ரன்கள் அடித்தார். பேப் ரூத்தின் 60 என்ற சாதனைக்கு இரண்டே குறைவு. யூதர் என்பதால் பந்து வீச்சாளர்கள் வேண்டுமென்றே தடுத்தார்கள் என்று சிலர் கூறினர். கிறீன்பேர்க் அதை ஏற்கவில்லை.

இரண்டாம் உலகப் போரைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1941 மே மாதம் அவர் இராணுவத்துக்கு அழைக்கப்பட்டார். ஆண்டுக்கு 55,000 டொலர் பெற்றவருக்குச் சிப்பாயின் மாதச் சம்பளம் 21 டொலர்! டிசெம்பர் 5இல் வயதின் காரணமாக விடுவிக்கப்பட்டார். இரண்டு நாள் கழித்து யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அவர் தாமாகவே திரும்பிச் சேர்ந்தார். சீனா, பர்மா, இந்தியப் போர்முனைப் பிரிவில் விமானப்படையில் பணியாற்றினார். ஒரு வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் நான்கு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

1945 ஜூலை முதலாந் திகதி, 34 வயதில், மீண்டும் மைதானத்தில் இறங்கினார். அன்றே ஒரு ஹோம் ரன்! லீக்கின் கடைசி நாளில், மூன்று தளங்களிலும் ஓட்டவீரர் நிற்க, அவர் அடித்த ஹோம் ரன்னே டைகர்ஸை உலகத் தொடருக்கு அனுப்பியது. அத்தொடரையும் அவர்கள் வென்றனர்.

1946இல் 44 ஹோம் ரன்களுடன் லீக்கில் முதலிடம் பெற்றவரை, அடுத்த ஆண்டே அவரது விருப்பத்தைக் கேளாமல் பிற்ஸ்பேர்க் அணிக்குக் கைமாற்றினர். அங்கே ஆடிய ஒரே பருவத்தில்தான் ஜக்கி றொபின்சனைச் சந்தித்தார். நவீன கால லீக்கின் முதல் கறுப்பின வீரரான றொபின்சனுக்கு மைதானமெங்கும் வசை. ஓர் ஆட்டத்தில் முதலாம் தளத்தில் இருவரும் மோதிக்கொண்டனர். பின்னர் றொபின்சன் அத்தளத்துக்கு மீண்டும் வந்தபோது, காயம் பட்டதா என்று விசாரித்த கிறீன்பேர்க், மனம் தளராமல் ஆடும்படி ஊக்கம் கொடுத்தார். அதை றொபின்சன் பத்திரிகையாளரிடம் நன்றியோடு கூறினார்.

1956இல் பேஸ்போல் புகழ் மண்டபத்துக்குத் தெரிவான முதல் யூத வீரர் இவரே. 1970இல், வீரர்களை அவர்களது சம்மதமின்றிக் கைமாற்றும் முறையை எதிர்த்து கேர்ட் ஃப்ளட் என்ற கறுப்பின வீரர் வழக்குத் தொடர்ந்தார். அப்போது ஆடிக்கொண்டிருந்த எவரும் அவருக்காகச் சாட்சி சொல்ல முன்வரவில்லை. நீதிமன்றம் சென்று சாட்சி சொன்ன முன்னாள் வீரர்களில் றொபின்சனும் இருந்தார், கிறீன்பேர்க்கும் இருந்தார். 1986 செப்டெம்பர் 4இல் கலிபோர்னியாவில் கிறீன்பேர்க் காலமானார்.