வாத்து வில்லை வரைந்த டார்லிங்

நம் ஊத்துக்கோட்டை வழியே ஓடும் ஆரணியாறு பழவேற்காட்டுப் பக்கமாய்ச் சென்று கடல் சேர்கின்றது. மாரிக்காலத்தில் பழவேற்காட்டு ஏரியில் வந்திறங்கும் ஊசிவால் வாத்து அமெரிக்காவிலும் உண்டு. அங்கே நீர்ப்பறவைகள் அருகத் தொடங்கிய காலத்தில், சித்திரத்தை விலைப்படுத்தி அவற்றின் உறைவிடங்களைக் காக்க வழிகண்ட ஒருவரின் சரித்திரத்தை ஈண்டு வரைவாம்.

ஜே நார்வுட் டார்லிங் 1876-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, மிச்சிகன் மாகாணத்து நார்வுட் என்னும் சிற்றூரில் ஒரு போதகரின் புதல்வராய்த் தோன்றினார். அவர் சிறுவராயிருக்கையில் குடும்பத்தார் ஐயோவா மாகாணத்துச் சூ நகரிற் குடியேறினர். பின்னர்ப் பெலாய்ட் கல்லூரியிற் பயின்றபோது, அக்கல்லூரி ஆண்டு மலரின் சித்திரப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. தம் பெயரைக் குறுக்கி ‘டிங்’ என்று அவர் ஒப்பமிடத் தொடங்கியது அம்மலரிலேதான். ஆசிரியர்களையும் கேலிச்சித்திரமாய்த் தீட்டி, அதனாற் சிலகாலம் கல்லூரியினின்று விலக்கப்பட்டார் என்பர். நம் மலருக்குப் படம் வரையும் நண்பர்கள் இதனைச் சற்றுக் கருதுவார்களாக!

1900-இல் பட்டம் பெற்றுப் பத்திரிகைத் தொழில் புகுந்தார். 1906-இல் தெ மாயின் நகரப் பத்திரிகையிற் சேர்ந்தார். நாடெங்கும் அவர் கேலிச்சித்திரங்கள் பரவின. 1924-இலும் 1943-இலும் புலிட்ஸர் பரிசு பெற்றார்.

சதுப்பு நிலங்களை வடித்து உழுதமையாலும், 1930-களின் கொடிய வறட்சியாலும் வாத்துக்கள் தங்க நீரின்றி மடிந்தன. சரணாலயங்கள் அமைக்க 1929-இலேயே சட்டம் பிறந்திருந்தும், நிலையான பொருள் வரவு இல்லை. டார்லிங்கோ ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கட்சிக்கு எதிர்க்கட்சியினர். அவரைப் படத்தில் எள்ளி நகையாடியவர். ஆயினும் ரூஸ்வெல்ட் 1934-இல் அவரையே உயிரியல் ஆய்வுத் துறைக்குத் தலைவராக்கினார். அழைத்தவர் பெருந்தன்மையினும், ஏசிய வாயால் ஏவல் ஏற்ற டார்லிங்கின் துணிவே நமக்குப் பெரிதாய்த் தோன்றுகின்றது. எள்ளுவது எளிது; பொறுப்பேற்பது அவ்வளவு எளிதன்று.

அவ்வாண்டு மார்ச்சு 16-ஆம் தேதி புதிய சட்டம் ஒன்று நிறைவேறிற்று. பதினாறு வயது நிறைந்த வாத்து வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுத்து முத்திரை வில்லை வாங்கவேண்டும். அப்பொருள் பறவைகளுக்குரிய நிலங்களுக்குச் செல்லும். முதல் வில்லைக்குப் படம் வேண்டியிருந்தது. டார்லிங்கே வரைந்தார். ஆண் வாத்து ஒன்றும் பெட்டை ஒன்றும் சிறகு விரித்துச் சதுப்பு நீரில் இறங்கும் காட்சி அது. முதலாண்டில் விற்றவை 635,001 வில்லைகள்.

கொல்வாரிடம் பெற்ற காசால் காப்பதா என்று கேட்பார் இருக்கலாம். நமக்கும் அது முழுதும் உவப்பன்று. ஆனால் கேட்டுக்கொண்டே வாளாவிருந்தால் குளம் வயலாகிவிடும். மேலும் வேட்டையாடாதாரும் படத்தின் அழகுக்காகவே அவ்வில்லையை வாங்கிச் சேர்க்கின்றனர். இவ்வழியால் இதுகாறும் 60 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் காக்கப்பட்டுள்ளது.

1935-இல் பதவியைத் துறந்த டார்லிங், மறு ஆண்டு வனவிலங்கு அன்பர்களின் கூட்டமைப்பு ஒன்றை நிறுவி அதன் முதல் தலைவரானார். அதன் பொருட்டு 1938-இல் வெளியான வனவிலங்கு வில்லைகளுக்கும் அவரே படம் தீட்டினார்.

பனிக்காலங்களில் அவர் ஃபிளாரிடாவின் காப்டிவா தீவில் தங்குவது வழக்கம். அண்டையிலுள்ள ஸானிபெல் தீவின் அலையாத்திக் காடுகளைக் காக்க அவர் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாய், 1945-இல் ஜனாதிபதி ட்ரூமன் அங்கே சரணாலயம் அமைத்தார். வாத்துக்கும் நாரைக்கும் மட்டுமன்றி, மானட்டி என்னும் கடற்பசுவுக்கும் அந்நீர் புகலிடமாயிற்று. இது நம் பாக் நீரிணையில் மேயும் ஆவுளியாவுக்கு உறவு. ஆவுளியாவின் வால் பிளவுபட்டது, மானட்டியின் வாலோ விசிறிபோல் வட்டமானது. ஆவுளியாவுக்கென்று தமிழ்நாட்டரசு 2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர்க் காப்பகம் அறிவித்தது.

டார்லிங் 1962-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி காலமானார். 1967-இல் ஸானிபெல் சரணாலயம் அவர் பெயர் பூண்டது. வாத்து வில்லை இன்றும் ஆண்டுதோறும் புதிய படத்துடன் வெளிவருகின்றது. 1949 முதல் அப்படத்தைப் பொதுப் போட்டியில் தேர்ந்தெடுக்கின்றனர். விலை இப்போது 25 டாலர்.