பெரியாற்றணை கட்டிய பென்னிகுவிக்

பெரியாற்று நீரால் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தோருள் யாமும் உளேம். அந்நீரை மதுரைச் சமவெளிக்குத் திருப்பிய கர்னல் ஜான் பென்னிகுவிக் வரலாற்றை, அவர் கட்டிய அணையின் உள்ளமைப்போடு சேர்த்து ஈண்டுச் சுருங்க எழுதுகின்றோம்.

அன்னார் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் புனாவிற் பிறந்தனர். எட்டாவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் இருக்க, சில்லியன்வாலாப் போரில் தந்தையையும் தமையனையும் ஒருங்கே இழந்தனர். பின்னர் அடிஸ்கம்புப் படைக்கல்லூரியிற் பயின்று, 1860-இல் சென்னைப் பொறியாளர் படைக்கு வந்து சேர்ந்தனர்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டிற்று. வைகை வறண்டு கிடக்க, மலைக்கு அப்பாற் பெய்த மழையெல்லாம் மேல்கடலில் வீழ்ந்தது. அதனை மறித்து, மலையைக் குடைந்து, வைகையிற் சேர்க்கும் திட்டம் 1882-இல் இவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. 1887-இல் வேலை தொடங்கிற்று. வெள்ளம் கட்டியதை வாரிச் சென்றது. காட்டுச் சுரம் தொழிலாளர் பலரை மாய்த்தது. மனைவியின் நகையை விற்று இவர் அணையை முடித்தார் என்னுங் கதையை யாம் ஈண்டுச் சேர்த்திலோம், நிகழ்ந்தவையே போதியன. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

அடித்தளத்திலிருந்து 176 அடி உயர்ந்த இவ்வணை, உச்சியில் 12 அடியும் அடியில் 138 அடியும் அகலமுடையது. முகமும் முதுகும் கருங்கற் சுவர்கள். இடையே சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், கல்சல்லி கலந்த காரை. சுர்க்கியாவது செங்கல்லை இடித்த தூள். சுண்ணாம்போடு கூடின் அது நீருள்ளும் இறுகும். இக்காலத்து விமானப் பலகைகளும் இங்ஙனம் மூவடுக்கினவே. வலிய மெல்லிய தகடுகள் இரண்டும் வளைவினால் வரும் இழுப்பையும் அழுத்தத்தையும் ஏற்கும். தேனடை போன்ற உள்ளீடு அவற்றை விலக்கி நிறுத்தி, வழுக்காது பிணிக்கும். ஆண்டு உள்ளீட்டிற்கு இலேசே சிறப்பு. அணைக்கோ பாரமே சிறப்பு. நீரின் தள்ளுதலை எதிர்ப்பது அதன் எடையன்றோ! ஆதலின் அருகிற் கிடைத்த பொருளாற் கனமான நடுவை நிரப்பி, புறத்தைக் கல்லாற் காத்தனர். எனினும் உள்ளீடு நலிந்தாற் புறத்தே எளிதிற் புலப்படாமை இரண்டிற்கும் பொது. கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துச் செல்லுமாதலின், 1979-க்குப் பின்னர் மேலே கான்கிரீட் கவசமிட்டு, எஃகு வடங்களை அடிப்பாறையிற் பிணித்து, பின்புறத்திலும் கான்கிரீட் சேர்த்து வலுப்படுத்தினர்.

இங்கிலாந்து திரும்பிய பென்னிகுவிக், கூப்பர்ஸ்ஹில் பொறியியற் கல்லூரித் தலைவராயிருந்து, 1911 மார்ச்சு 9-இல் கேம்பர்லியிற் காலமானார். அவர் பிறந்த நாள் தைப்பொங்கலை ஒட்டி வருதலின், கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் கூடலூரை அடுத்த லோயர் கேம்பிலுள்ள அவர் மணிமண்டபத்தின் முன் பொங்கலிடுகின்றனர்.